நகருக்குள் காரில் வரக் கட்டணம்: நெரிசல் கட்டணம் என்றால் என்ன?

சிங்கப்பூரில் முதல்முறை டாக்சி ஏறியபோது நடந்தது. மாலை ஆறு, ஆறரை இருக்கும். சாலையின் குறுக்கே, நெடுஞ்சாலையில் ஊர்ப்பெயர்ப் பலகை மாட்டியிருப்பார்களே, அதுபோல ஓர் இரும்பு வளைவு. அதன் அடியில் வண்டி நுழைந்ததும் முன்கண்ணாடி ஓரம் இருந்த சின்னப் பெட்டி 'பீப்' என்றது. யாரும் நிறுத்தவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. இறங்கும்போது ரசீதைப் பார்த்தால் மீட்டர் தொகைக்குக் கீழே தனியாக ஒரு வரி: இ.ஆர்.பி., 2 வெள்ளி (அங்கே டாலரைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்வார்கள்).

"டோல்கேட்டா அண்ணே?" என்று கேட்டேன். ஓட்டுநர் தமிழர்தான்.

"டோல் இல்ல தம்பி. ரோடு போட்ட காசைத் திருப்பி வாங்குறது டோல். இது கூட்டத்துல வந்ததுக்கு. இதே ரோட்டுல விடியகாலை அஞ்சு மணிக்கு வந்திருந்தா அஞ்சு காசு கிடையாது."

விளக்கத்தில் பாதியை அவரே சொல்லிவிட்டார். சுங்கச்சாவடியின் நோக்கம் வசூல். எவ்வளவு வண்டி வருகிறதோ அவ்வளவு நல்லது. நெரிசல் கட்டணத்தின் நோக்கம் சில வண்டிகள் வராமல் இருப்பது, அல்லது வேறு நேரத்தில் வருவது. எல்லோரும் காசைக் கட்டிவிட்டு அதே எட்டரை மணிக்கு வந்து நின்றால் கஜானா நிரம்பும், திட்டம் தோற்றுவிடும். இந்த வித்தியாசம் பிடிபட்டால்தான் இதைச் சுற்றி நடக்கும் சண்டை புரியும்.

சரி, நாலு வண்டி கூட வந்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கற்பனைப் பாலம்தான். நிமிடத்துக்கு 50 வண்டிகள் மட்டுமே அதைத் தாண்ட முடியும். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை நிமிடத்துக்கு 55 வண்டிகள் வருகின்றன. ஐந்துதானே அதிகம்? ஆனால் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தவை 3,300, தாண்டியவை 3,000. ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு முன்னால் 300 வண்டிகள் நிற்கும். அவர் ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர் பஸ்ஸுக்கோ வேறு நேரத்துக்கோ மாறிவிட்டால் வரிசை என்பதே இருக்காது. பள்ளி விடுமுறை விட்டதும் காலைச் சாலை சட்டென்று இளகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் பாதி வண்டி காணாமல் போய்விடவில்லை. கொஞ்சம்தான் குறைந்தது, அதுவே போதுமாக இருந்தது.

அதே பாலத்தில் இன்னொன்றும் பாருங்கள். ஒருவர் புதிதாகக் காரை எடுத்துக்கொண்டு சரியாக எட்டு மணிக்கு முதல் ஆளாக ஏறிவிடுகிறார். அவருக்கு ஒரு நொடிகூடத் தாமதமில்லை. ஆனால் பாலத்தில் அவர் பிடித்துக்கொண்ட இடம் 1.2 வினாடி. பின்னால் வரும் 3,300 வண்டிகளும் ஆளுக்கு 1.2 வினாடி தள்ளிப்போகின்றன. பெருக்கினால் 66 நிமிடம். ஊராரின் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கே தெரியாமல். கெட்ட மனிதர் இல்லை. பெட்ரோலுக்குக் காசு கொடுத்தார், தன் நேரத்தைக் கொடுத்தார். அடுத்தவர் நேரத்துக்கு மட்டும் யாரும் அவருக்குப் பில் அனுப்பவில்லை. பொருளாதாரக்காரர்கள் இதைப் புறவிளைவு என்பார்கள். அந்தப் பில்லை அனுப்பும் முயற்சிதான் நெரிசல் கட்டணம்.

'ரோட்டை அகலப்படுத்தினால் தீர்ந்தது' என்பது அடுத்து வரும் கேள்வி. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்று ஒரு சாலை. 2008-இல் விரிவாக்கம் முடிந்தபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள். அப்படியும் சில ஆண்டுகளில் பீக் ஹவர் நெரிசல் திரும்பி வந்தது. நெரிசலுக்குப் பயந்து ஆறு மணிக்கே கிளம்பியவர், பஸ்ஸுக்குப் போனவர், தள்ளி வீடு பார்க்கத் தயங்கியவர் எல்லோரும் காலியான தடத்தைப் பார்த்ததும் வந்துவிடுகிறார்கள். காசு கேட்காத இடத்தில் கூட்டம் நிரம்பும் வரை நிரம்பத்தான் செய்யும்.

அதாவது, இப்போதும் நாம் சும்மா போகவில்லை. நேரமாகக் கொடுக்கிறோம். அந்த நேரம் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை, சிக்னலில் ஆவியாகிறது. காசாகக் கொடுத்தால் அதில் ஒரு பஸ்ஸாவது வாங்கலாம். ஆதரவாளர்களின் வாதத்தில் எனக்கு மறுக்கவே முடியாததாகத் தோன்றுவது இந்த ஒன்றுதான்.

இந்த யோசனையை விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் வில்லியம் விக்ரி. கனடாவில் பிறந்தவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1950-களில் நியூயார்க் சுரங்க ரயிலுக்கு, கூட்டமான நேரத்தில் கூடுதல் கட்டணம் வைக்கச் சொன்னார். பிறகு அதையே சாலைக்கும் சொன்னார். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் கருவி ஏது என்று சிரித்தவர்களுக்காகத் தன் காரிலேயே ஒரு ரேடியோ சாதனத்தைப் பொருத்தி, வண்டி போய்வருவது தானாகப் பதிவாவதைக் காட்டினார். 1996 அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றாம் நாள், ஒரு மாநாட்டுக்குக் காரோட்டிப் போகும் வழியில் இறந்துபோனார். அவருடைய ஊர் இந்தக் கட்டணத்தை வசூலிக்க அதற்கப்புறமும் 28 வருஷம் ஆனது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் செய்து காட்டியது சிங்கப்பூர். 1975 ஜூன் 2. கருவி எதுவும் கிடையாது, காகிதம்தான். காலை 7.30-லிருந்து 9.30 வரை நகர மையத்துக்குள் கார் வர வேண்டுமானால் நாளொன்றுக்கு 3 வெள்ளிக்கு, மாதத்துக்கென்றால் 60 வெள்ளிக்கு உரிமச் சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நுழைவிடங்களில் காவலர்கள் நின்று சீட்டு இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்து, இல்லாத வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். எம்.ஆர்.டி. என்ற நகர ரயில் வர இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

அரசு எதிர்பார்த்தது 25, 30 சதவீதம் வண்டிகள் குறையும் என்று. குறைந்தது 40 சதவீதத்துக்கும் மேல். மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். சிலர் 9.30 ஆகட்டும் என்று காத்திருந்து மொத்தமாக நுழைந்தார்கள். சில வாரங்களிலேயே நேரத்தை 10.15 வரை நீட்ட வேண்டியதாயிற்று. காரில் நாலு பேர் இருந்தால் கட்டணம் இல்லை என்றொரு சலுகை இருந்தது. உடனே பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் வந்துவிட்டது. ஏறியவருக்கு பஸ் காசு மிச்சம், ஓட்டியவருக்கு 3 வெள்ளி மிச்சம். நகர எல்லையில் காரை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போங்கள் என்று அரசு கட்டிய வாகன நிறுத்துமிடங்கள் மட்டும் ஈயாடிக் கிடந்தன.

1998-இல் காகிதம் போய் நான் கேட்ட 'பீப்' வந்தது. ரசீதில் இருந்த இ.ஆர்.பி. இதுதான்; தமிழில் அங்கே மின்னியல் சாலைக் கட்டணம் என்கிறார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் வண்டிகளின் வேகத்தை அளந்து பார்க்கும். விரைவுச்சாலையில் மணிக்கு 45-லிருந்து 65 கிலோமீட்டர், நகரின் மற்ற முக்கியச் சாலைகளில் 20-லிருந்து 30 என்பது நெடுங்காலமாக வைத்திருந்த இலக்கு. அதற்குக் கீழே வேகம் இறங்கினால் கட்டணம் ஏறும். மேலே போனாலோ கட்டணம் குறையும்! சாலை சும்மா கிடப்பதும் நஷ்டம்தானே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசீலனை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளில் பல இடங்களில் கட்டணம் இறங்கும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஊர் அடங்கியபோது எல்லா வளைவுகளிலும் கட்டணத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். 'இது பெயர் மாற்றி வாங்கும் வரி' என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. வரியாக இருந்தால் கூட்டம் இல்லை என்று யார் விட்டுக்கொடுப்பார்கள்?

மனிதர்கள் அங்கேயும் மனிதர்கள்தான். மணி அடித்ததும் கட்டணம் மாறும் என்று தெரிந்ததால், மாறுவதற்கு முன் வளைவைத் தாண்டிவிட வேகமெடுப்பதும், மாறும் வரை தள்ளி ஊர்ந்துகொண்டிருப்பதும் தலைவலியானது. அதனால் இரண்டு கட்டணங்களுக்கு நடுவே ஐந்து நிமிட இடைக்கட்டணம் வைத்துப் படிப்படியாக மாற்றும்படி செய்தார்கள்.

ஆனால் சிங்கப்பூரைக் காட்டி 'பார், முடிகிறதே' என்று பிற ஊர்களுக்குப் பாடம் எடுப்பதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. அங்கே கார் வாங்கவே 1990-லிருந்து ஏலத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பத்து வருஷத்துக்குச் செல்லும் அந்தத் தாளின் விலையே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது உண்டு. கார் வைத்திருப்பவர்களே குறைவு. எனவே எதிர்க்கும் குரலும் குறைவு.

மற்ற ஊர்களில் முதலில் எழும் எதிர்ப்பு: 'பணக்காரன் காசைக் கட்டிவிட்டு ஜாலியாகப் போவான், ஏழை என்ன செய்வான்?' நமக்குச் சட்டென்று புரியும் படம் கோயில் வரிசை. நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியவர் சிறப்பு தரிசனத்தில் உள்ளே போய்விட, தர்ம தரிசனத்தில் நிற்பவருக்குக் கால் கடுக்கிறது. சாலையையும் அப்படி ஆக்கலாமா?

நியாயமான கேள்வி. ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் உடைகிறது. கோயிலில் சிறப்பு வரிசை நகர நகர இலவச வரிசை நின்றுபோகும். சாலையில் கார் குறைந்தால் பின்னால் வரும் பஸ்ஸும் வேகமாகப் போகும். நாற்பது பேர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் நெரிசல் கட்டணம் கேட்கவில்லை. பெருநகரங்களின் மையத்துக்குப் பீக் ஹவரில் தினமும் சொந்தக் காரில் வருகிறவர், பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவரைவிடப் பெரும்பாலும் வசதியானவர். அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடித்து ரயில் இல்லாத நேரத்தில் வீடு திரும்பும் துப்புரவுப் பணியாளர், ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டிய நோயாளி, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாத பிளம்பர் ஆகியோருக்கு இது நிஜமான பாரம். பிளம்பருக்கு மட்டும் ஓர் ஆறுதல் உண்டு: வழியில் மிச்சமாகும் நேரத்தில் ஒரு வேலை கூடுதலாகப் பார்த்தால் கட்டணம் கழிந்துவிடும். மற்றவர்களுக்குச் சலுகை எழுதியே ஆக வேண்டும். சலுகையை எல்லோருக்கும் எழுதிக்கொண்டே போனால் கட்டணமே இருக்காது என்பது இன்னொரு சிக்கல்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று தொடங்கினார்கள். மேயர் கென் லிவிங்ஸ்டன். நாளுக்கு 5 பவுண்டு, நகர மையத்தில் சுமார் 21 சதுர கிலோமீட்டர். வண்டி எண்ணைக் கேமரா படித்துக்கொள்ளும். தொடங்கிய நாளிலேயே ஏறக்குறைய 300 பஸ்களைக் கூடுதலாக விட்டார்கள். முதல் சில ஆண்டுகளில் நெரிசல் சுமார் 30 சதவீதம் குறைந்தது. அப்புறம்? மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது. எதிர்ப்பாளர்கள் இன்றும் லண்டனைத்தான் சுட்டுவார்கள். உள்ளே வரும் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்ததுதான். ஆனால் காலியான இடத்தைப் பஸ் தடத்துக்கும் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள், குழாய் பதிக்கத் தோண்டினார்கள், செயலியில் அழைக்கும் வாடகைக் கார்களுக்கு 2019 வரை விலக்கு இருந்தது. அதோடு லண்டனின் ஏற்பாட்டிலேயே ஒரு குறை: ஒருமுறை கட்டிவிட்டால் நாள் முழுக்கச் சுற்றலாம். காலை எட்டரைக்கும் மதியம் இரண்டுக்கும் ஒரே விலை. சிங்கப்பூர் வளைவுக்கு வளைவு, நேரத்துக்கு நேரம் விலை மாற்றுவதற்குப் பக்கத்தில் இது மொட்டைக் கத்தி. 5 பவுண்டு ஏறி ஏறி 2026 ஜனவரியில் 18 ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்கத் தூதரகம் 'இது கட்டணமில்லை, வரி. தூதர்கள் வரி கட்ட வேண்டியதில்லை' என்று ஆண்டுக்கணக்காகக் கட்ட மறுக்கிறது. லண்டன் கணக்கில் அவர்கள் பாக்கி 1.4 கோடி பவுண்டுக்கும் மேல்.

கண்காணிப்பு பற்றிய பயமும் பழையதுதான். ஹாங்காங்கில் 1983-லிருந்து 1985 வரை சுமார் 2,500 வண்டிகளில் மின்னணுக் கருவி பொருத்தி ஒத்திகை பார்த்தார்கள். தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நகரத்தைச் சீனாவிடம் ஒப்படைக்க ஒப்பந்தம் கையெழுத்தான காலம் அது. 'யார் எங்கே போகிறார்கள் என்று அரசு எழுதி வைத்துக்கொள்ளுமா?' என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது, திட்டம் கைவிடப்பட்டது.

எனக்குப் பிடித்த கதை ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம். தீவுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர், பாலங்களைக் காவல் காத்தால் போதும். 2006 ஜனவரி 3-லிருந்து ஜூலை 31 வரை ஏழு மாதம், சோதனைக்காக மட்டும் கட்டணம் வசூலிப்பது, பிறகு மக்களிடம் வாக்கெடுப்பு என்று முடிவானது. நேரத்தைப் பொறுத்து 10, 15, 20 குரோனா. ஒரு நாளுக்கு அதிகபட்சம் 60. கூடுதல் பஸ்களை அதற்கு நான்கைந்து மாதம் முன்பே ஓடவிட்டார்கள். தொடங்கும்போது ஊரில் ஆதரவு மூன்றில் ஒரு பங்குதான். பத்திரிகைகள் குழப்பம் வரும் என்று ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தன. முதல் நாள் சாலைகள் வெறிச்சென்று கிடந்தன. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

ஜூலை 31-ஆம் தேதி கட்டணம் நின்றது. ஆகஸ்டில் வண்டிகள் திரும்பின. செப்டம்பர் 17 வாக்கெடுப்புக்கு முன் மக்கள் கட்டணம் இருந்த ஊரையும் இல்லாத ஊரையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டார்கள். நகரவாசிகளில் பாதிக்கு மேல் 'வேண்டும்' என்றார்கள். 2007 ஆகஸ்டிலிருந்து நிரந்தரம். பிற்பாடு ஆதரவு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. இத்தனைக்கும் சுற்றியிருந்த புறநகர் நகராட்சிகள் தனியாக நடத்திய வாக்கெடுப்புகளில் பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் விழுந்தது. பலன் உள்ளே இருப்பவருக்கு, பில் வெளியிலிருந்து வருபவருக்கு என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பிரிட்டனின் எடின்பரோவும் (2005) மான்செஸ்டரும் (2008) செய்து பார்க்காமலே வாக்கெடுப்புக்குப் போயின. இரண்டிலும் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு எதிர்ப்பு. காட்டாமல் கேட்டால் யார்தான் சரி என்பார்கள்? ஆனால் காட்டிவிட்டுக் கேட்டாலும் எப்போதும் ஜெயிக்காது. ஸ்வீடனின் இன்னொரு நகரமான கோத்தன்பர்க் 2013-இல் தொடங்கிவிட்டு மறுவருஷம் கேட்டது. மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். வரப்போகும் வருமானத்தை நம்பி ரயில் சுரங்கப் பாதைக்கு ஏற்பாடு செய்துவிட்டதால் கட்டணம் அப்படியே தொடர்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. நெரிசலைக் குறைக்கக் கொண்டுவந்த கட்டணத்தின் மேல் கடன் ஏறிவிட்டால், அப்புறம் அதை இறக்க யாருக்கும் மனசு வராது.

நியூயார்க்கின் திட்டமும் அப்படி வருமானத்தை நம்பிக் கடன் வாங்குவதுதான். 2008-இல் மேயர் புளூம்பெர்க் கொண்டுவந்த திட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. 2019-இல் வேறு வடிவில் சட்டமாயிற்று. மன்ஹாட்டனில் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்குக் கட்டணம்; அந்த வருமானத்தைக் காட்டி 1,500 கோடி டாலர் திரட்டி, சுரங்க ரயிலின் 1930-கள் காலத்து சிக்னல்களை மாற்றுவது, நிலையங்களில் லிஃப்ட் போடுவது. 2024 ஜூன் 30-இல் 15 டாலரோடு தொடங்குவதாக இருந்தது. கேமராக்கள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மூன்றரை வாரம் இருக்கும்போது ஆளுநர் கேத்தி ஹோக்கல், மக்களால் தாங்க முடியாது என்று நிறுத்திவைத்தார். அது அதிபர் தேர்தல் வருஷம். தேர்தல் முடிந்த அதே நவம்பரில், 9 டாலராகக் குறைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்.

2025 ஜனவரி 5 அன்று தொடங்கியது. வாரநாட்களில் காலை 5-லிருந்து இரவு 9 வரை 9 டாலர், இரவில் 2.25. பெரிய லாரிக்கு 21.60. டாக்சிப் பயணத்துக்கு 75 காசு, செயலி வண்டிக்கு ஒன்றரை டாலர், அதைப் பயணி தருவார். வருட வருமானம் 50,000 டாலருக்குள் இருந்தால் மாதத்தின் முதல் பத்துப் பயணங்களுக்கு மேல் பாதிக் கட்டணம். முதல் மாதத்தில் வசூல் 4.86 கோடி டாலர்.

எதிர்த்தவர்களில், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்காரர்களின் வாதம்தான் கனமானது என்பேன். ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்துக்கு ஏற்கெனவே டோல் கட்டிவிட்டு வருகிறார்கள் (அதற்காக 3 டாலர் கழித்துக்கொடுக்கிறார்கள்). ஆனால் அவர்கள் கட்டும் மிச்சப் பணம் போவது நியூயார்க்கின் ரயிலுக்கு. பிராங்க்ஸ் பகுதிக்காரர்களின் பயம் வேறு: மன்ஹாட்டனைத் தவிர்க்கும் லாரிகள் எல்லாம், ஏற்கெனவே ஆஸ்துமா அதிகமுள்ள தங்கள் தெருக்கள் வழியாகப் போகுமே என்று. பிப்ரவரியில் டிரம்ப் அரசு, மத்திய அனுமதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. கட்டணம் செத்துவிட்டது என்று அதிபரே சமூக வலைத்தளத்தில் எழுதினார். மே மாதம் நீதிமன்றம் மத்திய அரசின் கையைக் கட்டிப்போட்டது. கேமராக்கள் ஒருநாளும் நிற்கவில்லை.

கட்டணம் 9 டாலரிலேயே நிற்கப்போவதில்லை. அட்டவணைப்படி 2028-இல் 12, 2031-இல் 15. 2024-இல் தொடங்க மூன்றரை வாரம் இருந்தபோது மக்களால் தாங்க முடியாது என்று நிறுத்திவைத்த அதே தொகைக்கு, ஏழு வருஷம் சுற்றிக்கொண்டு வந்து சேரப்போகிறார்கள்.